மூன்று நஞ்சும் ஒரு பிரசவ அறையும்

‘நரம்பும் தசையும்’ தொடர் – 9

கர்ப்பமாக இருக்கும் பெண் “அசதியா இருக்கு” என்றால் வீட்டில் யாரும் பதறுவதில்லை. பதற வேண்டியதும் இல்லை. அந்த மாதங்களில் உடம்பில் ரத்தத்தின் அளவு ஏறத்தாழ பாதிக்குப் பாதி கூடுகிறது. வாந்தி படுத்துகிறது, தூக்கம் கெடுகிறது, ஹீமோகுளோபின் இறங்குகிறது. அசதி வராவிட்டால்தான் ஆச்சரியம். “நாங்கல்லாம் பெத்துக்கலையா?” என்று மாமியார் கேட்பதில் பாதி நியாயம் உண்டு. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்த வாரம்.

ஐந்தாம் மாதத்தில் இருக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் நன்றாகத்தான் எழுந்திருக்கிறாள். சமைக்கிறாள், வேலைக்குப் போகிறாள். மூன்று மணிக்கு மேல் ஒரு கண்ணின் இமை மட்டும் சரிகிறது. வீடு திரும்பும்போது பஸ்ஸின் எண் இரண்டிரண்டாகத் தெரிகிறது. ராத்திரி பாதிச் சாப்பாட்டில் தாடை ஓய்ந்துபோய், இடது கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு மெல்ல வேண்டியிருக்கிறது. போனில் அம்மாவிடம் பேசப் பேச குரல் மூக்கில் ஏறி, கடைசியில் என்ன சொல்கிறாள் என்றே புரியாமல் போகிறது. தலை சீவக் கையைத் தூக்கினால் நாலு இழுப்புக்குள் கை தானாக இறங்குகிறது. படுத்துத் தூங்கி எழுந்தால் எல்லாம் சரி. ரத்தப் பரிசோதனை நார்மல், தைராய்டு நார்மல், ஸ்கேனும் நார்மல். அவளே தன்னைச் சந்தேகிக்க ஆரம்பிக்கும் இடம் இது.

அசதி என்றால் ஆள் முழுவதும் சோர்ந்துபோவார். இங்கே நடப்பது அதுவல்ல. குறிப்பிட்ட சில தசைகள் உழைக்க உழைக்க ஓய்ந்து, ஓய்வு கிடைத்ததும் மீண்டு வருகின்றன. இமை, கண்ணை அசைக்கும் தசை, மெல்லும் தசை, விழுங்கும் தசை, தோள், கழுத்து. மிக மோசமான நேரத்தில், மூச்சை இழுக்கும் தசை. இந்த நோயின் பெயர் மயஸ்தீனியா கிராவிஸ். பத்து லட்சம் பேரில் 150 முதல் 200 பேருக்கு இருக்கும் அரிய நோய். அமிதாப் பச்சனுக்கு 1984இல் வந்தது இதுதான் என்று சொன்னால் பலருக்கு நினைவு வரும். ஆண்களுக்குப் பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயதுக்கு மேல் வருவது, பெண்களுக்கு இருபதுகளிலும் முப்பதுகளிலும் வருகிறது. அதாவது கல்யாணம், கர்ப்பம், பிரசவம் என்று வாழ்க்கை ஓடிக்கொண்டிருக்கும் வயதில்.

இந்த நோயை முதலில் எழுத்தில் பதிந்தவராகச் சொல்லப்படுபவர் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1672இல் வெளியான அவருடைய லத்தீன் நூலில் ஒரு பெண் வருகிறாள். கொஞ்ச நேரம் சரளமாகப் பேசுவாள். நீளமாகவோ அவசரமாகவோ பேசினால் வாயடைத்துப்போய், ஓரிரண்டு மணி நேரம் கழித்துத்தான் பேச்சு திரும்பும். வில்லிஸ் சரியாகப் பார்த்திருந்தார். ஆனால் அதற்குப் பிறகு இருநூறு ஆண்டுகள் யாரும் அதைத் தொடவில்லை. ஜெர்மானிய, போலந்து மருத்துவர்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மறுபடியும் கவனித்து எழுதினார்கள். 1895இல் பெர்லினின் ஃப்ரீட்ரிக் யோலி இன்றைய பெயரை வைத்தார். பெயர் கிடைத்ததே தவிர மருந்து கிடைக்கவில்லை. ‘இளம்பெண்ணின் ஹிஸ்டீரியா’ என்று ஒதுக்கப்பட்டவர்கள் எத்தனை பேரோ. சாயங்காலம் வரும் நோய்க்குக் காலையில் டாக்டரைப் பார்த்தால் அந்தப் பட்டம்தான் கிடைக்கும்.

தசைக்குள் என்ன நடக்கிறது? நரம்பு தசையைத் தொடுவதே இல்லை. நடுவில் நூலிழையிலும் மெல்லிய ஓர் இடைவெளி. கட்டளை வந்ததும் நரம்பின் நுனி அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைச் சிந்துகிறது. அது இடைவெளியைக் கடந்து, தசையின் மேலிருக்கும் ஏற்பிகளில் போய் அமர்கிறது. தசை சுருங்குகிறது. வேலை முடிந்ததும் ஒரு நொதி அசிட்டைல்கோலினை உடைத்துவிடுகிறது, அடுத்த கட்டளைக்கு இடம் காலியாகிறது. அடுத்தடுத்துக் கட்டளை போனால் நரம்பு சிந்தும் அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். இது எல்லோருக்கும் நடப்பதுதான். ஏற்பிகள் தேவைக்கு மேல் ஏராளமாக இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. மயஸ்தீனியாவில் அந்த உபரிதான் காலி. நிறைந்த கிணற்றில் எவ்வளவு இறைத்தாலும் தெரியாது; சித்திரை மாதத்துக் கிணறு விடிகாலையில் நாலு குடம் கொடுத்துவிட்டு, மத்தியானம் வாளி தரைதட்டி, ராத்திரி ஊறி மறுபடி நாலு குடம் கொடுக்கும். காலையில் நன்றாக இருக்கும் இமை மாலையில் சரிவதன் கணக்கு இதுதான்.

இந்தக் கணக்கை மருத்துவ உலகம் கண்டுபிடித்த வழி விசித்திரமானது. மூன்று நஞ்சுகள் வந்து சொல்லிக்கொடுத்தன.

முதல் நஞ்சு குராரே. தென் அமெரிக்கப் பழங்குடிகள் அம்பு நுனியில் தடவியது. அடிபட்ட விலங்கு நினைவோடு இருக்கும். ஆனால் தசை ஒவ்வொன்றாக ஓய்ந்து, மூச்சு நின்று சாகும். 1930களில் லண்டன் கிரீனிச்சில் செயின்ட் ஆல்ஃபீஜ் மருத்துவமனை என்று ஒன்று இருந்தது. பெரிய ஆராய்ச்சிக்கூடம் எதுவும் இல்லை, ஏழைகளுக்கான ஆஸ்பத்திரி. அங்கே உதவி மருத்துவ அலுவலர் மேரி வாக்கர், ஸ்காட்லாந்துக்காரர். வார்டில் மயஸ்தீனியா நோயாளி ஒருவர் படுத்திருந்தார். அவரைப் பார்க்க வந்த நரம்பியல் நிபுணர் டெரிக் டென்னி-பிரவுன், இந்த நோய் குராரே நஞ்சு ஏறியதைப் போலவே இருக்கிறது என்றார். வாக்கர் அதைக் கேட்டுக்கொண்டு போய்விடவில்லை. அப்படியானால் குராரேவின் முறிவு மருந்தை இவருக்குக் கொடுத்துப் பார்த்தால் என்ன என்று யோசித்தார்.

அந்த முறிவு மருந்துதான் இரண்டாவது நஞ்சு. பெயர் ஃபைசோஸ்டிக்மின். இன்றைய நைஜீரியாவின் கலபார் பகுதியில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஒரு காட்டு அவரையின் விதையைத் தின்னக் கொடுப்பார்கள். பிழைத்தால் நிரபராதி, செத்தால் குற்றவாளி. அந்த விதையிலிருந்து பிரித்தெடுத்தது இது. அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதியை இது தடுக்கும். உடையாததால் அந்த ரசாயனம் இடைவெளியில் கூடுதல் நேரம் தங்கி, மிச்சமிருக்கும் ஏற்பிகளைத் திரும்பத் திரும்பத் தட்டும். வாக்கர் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் அந்த நோயாளியின் சரிந்த இமை எழும்பியது, கையில் பலம் வந்தது, விழுங்க முடிந்தது. சில மணி நேரத்தில் மறுபடியும் பழைய நிலை. 1934 ஜூன் மாதம் ‘லான்செட்’ இதழில் வாக்கர் இதைச் சின்னக் கடிதமாக எழுதினார். அடுத்த ஆண்டு, இதைவிட நல்ல மருந்தான நியோஸ்டிக்மினையும் போட்டுக் காட்டினார். அதே ஆண்டு எடின்பரோ பல்கலைக்கழகம் அவருடைய ஆய்வேட்டுக்குத் தங்கப்பதக்கம் கொடுத்தது. பெரிய மருத்துவமனைகளின் பெரிய மனிதர்கள் முதலில் நம்பத் தயங்கினார்கள். ஏழை ஆஸ்பத்திரியில், அதுவும் ஒரு பெண் கண்டுபிடித்துவிட்டாள் என்றால் தயக்கம் வரத்தானே செய்யும்! இன்றைக்கும் மயஸ்தீனியா நோயாளிகள் தினமும் நாலைந்து வேளை விழுங்கும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரை, வாக்கர் போட்ட அந்த ஊசியின் வாரிசுதான்.

மூன்றாவது நஞ்சு நமக்குப் பழக்கப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தது. ராத்திரி தரையில் படுத்திருந்தவர், விடிகாலையில் வயிற்றுவலியோடு எழுந்து, இமை சரிந்து, பேச்சுக் குழறி ஆஸ்பத்திரிக்கு வந்தால், நம் ஊர் டாக்டர்கள் முதலில் நினைப்பது கட்டுவிரியனைத்தான். அதன் உறவான தைவானின் பட்டைவிரியன் நஞ்சிலிருந்து, 1963இல் தேசியத் தைவான் பல்கலைக்கழகத்தின் சாங் சுவான்-சியுங்கும் லீ சென்-யுவானும் ஒரு பொருளைப் பிரித்தார்கள். பெயர் ஆல்ஃபா-பங்காரோடாக்சின். அது நேராகப் போய் தசையின் ஏற்பியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், விடவே விடாது. அதில் கதிரியக்கக் குறி ஒட்டிவிட்டால் ஏற்பிகளை எண்ணலாம். 1973இல் அமெரிக்காவின் பால்டிமோரில் டக்ளஸ் ஃபாம்பரோவும் டேனியல் டிராக்மனும் குழுவினரும் அப்படி எண்ணிப் பார்த்தார்கள். மயஸ்தீனியா நோயாளிகளின் தசையில் ஏற்பிகள், இருக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. அதே ஆண்டு கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் ஜிம் பேட்ரிக்கும் ஜான் லிண்ட்ஸ்ட்ரமும், மின்சார விலாங்கிலிருந்து எடுத்த ஏற்பிகளை முயல்களுக்கு ஊசியில் ஏற்றினார்கள். முயல்கள் துவண்டு விழுந்தன. காரணம், வெளியிலிருந்து வந்த ஏற்பியை எதிர்த்து முயலின் உடம்பு தயாரித்த எதிர்ப்பான்கள் முயலின் சொந்த ஏற்பிகளையும் தாக்கிவிட்டன. மயஸ்தீனியா தன் உடம்பைத் தானே தாக்கும் நோய் என்பது அத்தோடு உறுதியாயிற்று.

இதற்கு முதலில் துப்புக் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? குழந்தைகள். மயஸ்தீனியா உள்ள தாய்க்குப் பிறக்கும் சில குழந்தைகள் துவண்டு கிடக்கும், அழுகை பூனைக்குட்டி முனகலாய் இருக்கும், பால் உறிஞ்சத் தெம்பிருக்காது. சில வாரங்களில் தானே சரியாகிவிடும், பிறகு வரவே வராது. 1940களிலேயே இது பதிவாகியிருந்தது. பரம்பரை நோய் என்றால் சில வாரத்தில் போகாது. தொற்று என்றாலும் இப்படிப் போகாது. தாயின் ரத்தத்தில் உள்ள ஏதோ ஒன்று நஞ்சுக்கொடி வழியாகப் போயிருக்கிறது, குழந்தையின் உடம்பிலிருந்து கரையும்வரை தொல்லை கொடுத்திருக்கிறது. 1960இல் ஸ்காட்லாந்தின் ஜான் சிம்ப்சன், இது எதிர்ப்பான்களின் வேலையாக இருக்கலாம் என்று எழுதியபோது, இந்தக் குழந்தைகளும் அவருடைய வாதத்துக்குள் இருந்தார்கள். பதிமூன்று வருடம் கழித்து முயல்கள் அதற்குச் சாட்சி சொல்லின.

தாய் தன் எதிர்ப்பான்களைக் குழந்தைக்கு அனுப்புவது இயற்கையின் ஏற்பாடு. கடைசி மூன்று மாதங்களில் இந்தக் கடத்தல் மும்முரமாக நடக்கும். தட்டம்மைக்கு எதிரானதும் போகும், டெட்டனஸுக்கு எதிரானதும் போகும், கூடவே இதுவும் போகும். நஞ்சுக்கொடி நல்லது கெட்டது பிரிக்காது. மயஸ்தீனியா உள்ள தாய்மாரின் குழந்தைகளில் பத்துக்கு ஒன்று, இரண்டு பேருக்கு இந்தத் தற்காலிகத் தளர்ச்சி வருகிறது. பிறந்த சில மணி நேரத்திலேயே தெரியலாம், மூன்றாம் நாள்வரை தள்ளியும் போகலாம். அதனால் சுகப்பிரசவம், குழந்தை நன்றாக அழுதது, நாளைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று இங்கே கிளம்பிவிடக் கூடாது. முதல் மூன்று நாளாவது குழந்தை மருத்துவரின் கண்காணிப்பில் இருக்க வேண்டும். பால் குடிக்கத் திணறினால், குடிக்கும் முன் கொஞ்சம் நியோஸ்டிக்மின். தேவைப்பட்டால் மூக்கு வழியாகக் குழாய். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பான்களின் பாதி ஏறக்குறைய மூன்று வாரத்தில் கரைந்துவிடும். அதற்குமேல் அந்தக் குழந்தை மற்ற குழந்தைகளைப் போலத்தான். தாய்ப்பால் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். கொடுக்கலாம். பைரிடோஸ்டிக்மினும் பிரெட்னிசலோனும் அதற்குத் தடையில்லை.

அபூர்வத்திலும் அபூர்வமாக இன்னொன்று உண்டு. கருவின் தசையில் இருக்கும் ஏற்பி, பெரியவர்களின் ஏற்பியிலிருந்து ஓர் உறுப்பில் வேறுபட்டது. 33ஆம் வாரத்தையொட்டித்தான் அது பெரியவர்களின் வடிவத்துக்கு மாறும். சில தாய்மார்களின் எதிர்ப்பான்கள் கருவின் வடிவத்தை மட்டும் குறிவைக்கும். அப்படியானால் தாய்க்கு இமைகூடச் சரியாது, நோய் இருப்பதே தெரியாது. ஆனால் வயிற்றில் குழந்தை அசையாது. அசையாத மூட்டுகள் மடங்கியபடி இறுகிவிடும். குழந்தை பனிக்குட நீரை விழுங்காததால் நீர் அளவுக்கு மீறும். அடுத்தடுத்து இப்படி இரண்டு குழந்தைகளை இழந்த பெண்ணுக்கு ‘ராசி’ என்றும் ‘சாபம்’ என்றும் சொல்ல நம்மிடம் ஆளுக்குக் குறைவில்லை. ஒரு ரத்தப் பரிசோதனை கேட்டுப் பார்க்க ஆள்தான் வேண்டும். எதிர்ப்பான் என்று தெரிந்துவிட்டால், அடுத்த கர்ப்பத்தில் ஆரம்பத்திலேயே சிகிச்சை கொடுத்து நல்ல குழந்தை பெற்றவர்கள் உண்டு.

இனி தாய்க்கு வருவோம். கர்ப்பத்தில் மயஸ்தீனியா எப்படிப் போகும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. உத்தேசமாக மூன்றில் ஒரு பங்குப் பேருக்குக் கூடும், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையும், மற்றவர்களுக்கு அப்படியே இருக்கும். ஒரே பெண்ணுக்கு முதல் கர்ப்பம் ஒரு மாதிரி, இரண்டாவது வேறு மாதிரி. கூடினால் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்திலும், பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும்தான். முதல் மூன்று மாதத்தில் வாந்தியோடு மாத்திரையும் வெளியே போய்விடும். ரத்தம் பெருகுவதால் அதே அளவு மாத்திரை நீர்த்துப்போகும். பிந்தைய மாதங்களில் கருப்பை மேலே ஏறி உதரவிதானத்தை நெருக்கும். ஏற்கெனவே ஓய்ந்த மூச்சுத் தசைக்கு அது கூடுதல் சுமை. ஒரே மூச்சில் 1, 2, 3 என்று எண்ணச் சொல்வது டாக்டர்கள் படுக்கையருகே செய்யும் எளிய சோதனை. நல்ல நிலையில் இருப்பவர் 50 வரை போவார். 20ஐத் தாண்டவே திணறினால் ஐ.சி.யூ.வுக்குச் சொல்லிவைக்க வேண்டிய நேரம்.

மருந்துகளில் பைரிடோஸ்டிக்மினையும் பிரெட்னிசலோனையும் நிறுத்தக் கூடாது. அசதயோபிரினையும் பெரும்பாலும் தொடரலாம். மைக்கோஃபினோலேட், மெத்தோட்ரெக்சேட் இரண்டும் கருவைக் கெடுக்கக்கூடியவை. கருத்தரிக்கும் முன்பே மாற்றிவிட வேண்டும். நிலைமை முற்றினால் இம்யூனோகுளோபுலின் ஏற்றலாம், பிளாஸ்மா மாற்றலாம். இரண்டையும் கர்ப்பத்தில் செய்யலாம். நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பியை அறுத்தெடுப்பது நோயைத் தணிக்கிறது என்பதை 2016இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு நிரூபித்தது. அந்த அறுவைக்குக் கர்ப்பம் நேரமல்ல. கல்யாணப் பேச்சு எழுவதற்கு முன்போ, குழந்தைக்குத் திட்டமிடுவதற்கு முன்போ முடித்துவிடுவது நல்லது. முன்பே செய்துகொண்ட தாய்மாரின் குழந்தைகளுக்குத் தளர்ச்சி வருவதும் குறைவு.

பிரசவத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. ‘தசை நோய், அதனால் சிசேரியன்தான்.’ இல்லை. கருப்பை வேறு வகைத் தசையால் ஆனது, மயஸ்தீனியா அதைத் தொடாது. வலி எடுப்பது, வாய் திறப்பது எல்லாம் வழக்கம்போல நடக்கும். சிக்கல் கடைசிக் கட்டத்தில். “மூச்சை அடக்கி நல்லா முக்கும்மா” என்று நர்ஸம்மா சொல்லும்போது தேவைப்படுவது வயிற்றுத் தசையும் மூச்சுத் தசையும். பத்து முக்கலில் இவள் ஓய்ந்துவிடுவாள். முரண்டு பிடிக்கிறாள் என்று அதட்டுவதால் பயனில்லை; வாக்குவம் அல்லது ஆயுதம் போட்டு எடுக்கத் தயாராக இருந்தால் போதும். வலி குறைக்க முதுகில் எபிடியூரல் போடுவது இவர்களுக்கு நல்லது. முழு மயக்கம் கொடுக்க நேர்ந்தால், தசையைத் தளர்த்தும் மருந்தின் அளவை மயக்க மருத்துவர் தனியாகக் கணக்குப் போட வேண்டும். அந்த மருந்துகளில் பல, முன்பு பார்த்த குராரேவின் வாரிசுகள்.

உண்மையான ஆபத்து வேறொரு குப்பியில் இருக்கிறது. கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் நிலைக்கு, உலகம் முழுக்கக் கொடுக்கப்படும் மருந்து மக்னீசியம் சல்ஃபேட். விலை மலிவு. 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2002இல் வெளியான ‘மேக்பை’ ஆய்வு, அது வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதியாகக் குறைப்பதைக் காட்டியது. எத்தனையோ தாய்மாரின் உயிரைக் காத்த மருந்து. வலிப்பு வந்த பெண்ணைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரண்டு புட்டத்திலும் ஐந்தைந்து கிராம் முதல் தவணையாகப் போட நர்ஸ்களுக்கே பயிற்சி கொடுத்திருக்கிறது நம் அரசு. சரியான ஏற்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மக்னீசியம் நரம்பு நுனியில் கால்சியத்தின் இடத்தை அடைத்து, அசிட்டைல்கோலின் சிந்துவதைக் குறைக்கும். மற்றவர்களுக்கு உபரி இருக்கிறது, தாங்கிக்கொள்வார்கள். மயஸ்தீனியா உள்ளவருக்கு மூச்சே நின்றுபோகலாம். இவர்களுக்கு மக்னீசியம் போடக் கூடாது என்பதே விதி. வலிப்பைத் தடுக்க லெவடிரசெட்டம் போன்ற மாற்று உண்டு. ரத்த அழுத்தத்துக்கு வழக்கமாகப் போடும் லபெடலாலும் எச்சரிக்கைப் பட்டியலில் இருக்கிறது; மெத்தில்டோபா, ஹைட்ரலசின் பரவாயில்லை. கிருமித்தொற்றுக்கு என்று போடும் ஜென்டாமைசின், அமிக்காசின், சிப்ரோஃபிளாக்சசின் எல்லாமே நோயைக் கிளப்பக்கூடியவை.

அந்த நர்ஸுக்கு இது எப்படித் தெரியும்? பத்து லட்சத்தில் இருநூறு பேருக்கு வரும் நோயை அவர் தன் பணிக்காலத்தில் ஒரு தடவைகூடப் பார்த்திருக்க மாட்டார். நோயாளிதான் சொல்ல வேண்டும். இங்கேதான் நம் ஊர்ச் சிக்கல் வருகிறது. நோயை மறைத்துக் கல்யாணம் செய்துவைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. புகுந்த வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று மாத்திரையை வைட்டமின் டப்பாவில் மாற்றி வைத்துக்கொள்ளும் பெண், பிரசவ அறையில் மாமியார் பக்கத்தில் நிற்கையில் உண்மையைச் சொல்வாளா? கர்ப்பத்துக்கு ஆகாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாத்திரையை நிறுத்தியவள், ஏழாம் மாதம் மூச்சுத் திணறி வந்தால் ‘வீசிங்’ என்று நெபுலைசர் வைக்கத்தான் தோன்றும். இந்த நோயில் தாய் இறந்தால், நோயின் பங்குக்குச் சமமாக மறைப்பின் பங்கும் இருக்கும் என்பது என் கருத்து.

அதற்கு இணையான குற்றம், சில டாக்டர்கள் இன்னமும் சொல்லும் “நீ குழந்தையே பெத்துக்காதம்மா”. ஸ்டீராய்டும் வென்டிலேட்டரும் இல்லாத காலத்து அறிவுரை அது. நோய் கட்டுக்குள் இருக்கும்போது திட்டமிட்டு, நரம்பியல் மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் மயக்க மருத்துவரும் குழந்தை மருத்துவரும் முன்கூட்டியே பேசிவைத்து, பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரியில் நடக்கும் பிரசவங்களில் பெரும்பாலானவை நல்லபடியாகவே முடிகின்றன. தமிழ்நாட்டின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தத் துறைகள் எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைப்பது நமக்கு வாய்த்த வசதி. சொந்த ஊர், தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்கிற வழக்கத்தை இந்த ஒரு தடவை விட்டுக்கொடுக்கலாம்.

புது மருந்துகளும் வந்துகொண்டிருக்கின்றன. தாயின் எதிர்ப்பானை நஞ்சுக்கொடி கடத்தப் பயன்படும் அதே ஏற்பிதான், பெரியவர்களின் உடம்பில் அந்த எதிர்ப்பான்கள் அழியாமல் சுற்றிவரவும் துணைபோகிறது. அதை அடைக்கும் எஃப்கார்டிகிமோட் என்ற மருந்துக்கு 2021 டிசம்பரில் அமெரிக்கா ஒப்புதல் கொடுத்தது. விலையைக் கேட்டால் நமக்கு மூச்சுத் திணறும். கர்ப்பத்தில் அதன் பாதுகாப்பு இன்னும் நிறுவப்படவில்லை, ஆகவே இப்போதைக்குப் பழைய மருந்துகளே கதி.

எல்லாப் பலவீனமும் மயஸ்தீனியா அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாதத்தில் மதமதப்பாகத் தொடங்கி, சில நாளில் காலிலிருந்து மேலே ஏறிவரும் பலவீனம் கில்லன்-பாரே நோயாக இருக்கலாம். பிரசவத்துக்குப் பிந்தைய சில வாரங்களில் அதற்கான வாய்ப்பு சற்றுக் கூடுகிறது. காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நோய் அது. அடுத்த வாரம் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

இதைப் படிக்கும் யாருக்காவது, அல்லது உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு, மாலையில் இமை சரிவதும் பேசப் பேசக் குரல் மாறுவதும் இருந்தால், சாயங்காலம் அந்த நேரத்தில் போனில் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். காலையில் ஓ.பி.க்குப் போனால் அவருக்கு ஒன்றுமே தெரியாது. நோய் ஏற்கெனவே தெரிந்தவர்கள், கர்ப்பிணி அட்டையின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் இப்படி எழுதி வையுங்கள்: மயஸ்தீனியா நோயாளி, மக்னீசியம் சல்ஃபேட் போடக் கூடாது. கணவரின் பர்ஸிலும் ஒரு நகல் இருக்கட்டும். வலி எடுத்த நேரத்தில் நீங்கள் வாய் திறந்து சொல்லும் நிலையில் இல்லாமல் போகலாம்.